கழிப்பறையைப் பூட்டினால் போதை போய்விடுமா? அமெரிக்க மேற்குக் கரை நகரங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கோ சியாட்டிலுக்கோ போய்வந்த நம்மவர்கள் பாலத்தையும் மலையையும் பற்றிப் பேசிவிட்டு, அடுத்ததாகக் கேட்பது தெருவைப் பற்றித்தான். நடைபாதையில் கூடாரம், மூலையில் மூத்திர நாற்றம், பொதுக் கழிப்பறை வாசலில் தள்ளாடி நிற்கும் ஆட்கள். "இவ்வளவு பணம் இருந்தும் ஏன் இப்படி?" என்று சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் வசிக்கும் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழிப்பறைகள் இன்னும் நிறைய வேண்டும், ராத்திரியும் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சம்பளம் வாங்கும் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஏன் என்பது கீழே.

பணக்கார நாடுதானே, தெருவில் ஒரு டாய்லெட் ஏன் கிடைப்பதில்லை?

ஒரு காலத்தில் இருந்தது. 1970 வாக்கில் அமெரிக்கா முழுவதும் காசு போட்டால் திறக்கும் கழிப்பறைகள் சுமார் 50,000 இருந்தன. பெரும்பாலும் பத்து சென்ட் நாணயம். ஆண்கள் நின்றுகொண்டு போகும் இடம் இலவசம், கதவு வைத்த அறைக்குத்தான் காசு. அதனால் பெண்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் மார்ச் ஃபோங் யூ இதை எதிர்த்து, 1969-ல் சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் வைத்து ஒரு பீங்கான் கழிப்பறையைச் சம்மட்டியால் உடைத்தார். அடுத்த ஆண்டு சில பள்ளி மாணவர்கள் கட்டணக் கழிப்பறைகளுக்கு எதிராக ஒரு இயக்கமே தொடங்கினார்கள். 1973-ல் சிகாகோ தடை போட்டது, பின்னாலேயே கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்கள். பத்தே ஆண்டில் கட்டணக் கழிப்பறை கிட்டத்தட்ட ஒழிந்துபோனது.

கோரிக்கை நியாயமானது. ஆனால் எடுத்ததற்குப் பதிலாக இலவசக் கழிப்பறைகளை யாரும் கட்டவில்லை. இருந்ததையும் பராமரிக்க நகராட்சிகளிடம் காசில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பைக் காரணம் காட்டி, பே ஏரியாவின் பார்ட் ரயிலில் சுரங்க நிலையக் கழிப்பறைகளைப் பூட்டினார்கள். பவல் தெரு நிலையத்தில் அது மறுபடி திறந்தது 2022-ல்தான்.

நகரம் விட்ட இடத்தை காபிக்கடைகள் நிரப்பின. 2018-ல் பிலடெல்பியா ஸ்டார்பக்ஸ் ஒன்றில், எதுவும் வாங்காமல் ஒரு தொழில் சந்திப்புக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் கைது செய்தது. அவர்களில் ஒருவர் கேட்டது பாத்ரூம். நாடே கொதித்த பிறகு, வாங்காதவர்களும் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் அறிவித்தது. 2025 தொடக்கத்தில் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டது. இதற்காக ஒரு காபிக்கடையை நான் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கே கழிப்பறை தருவது நகராட்சியின் வேலை.

தெருவில் இருப்பவர்கள் எல்லாருமே போதைக்கு அடிமையானவர்கள்தானே?

இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் மாநிலம் முழுவதும் சுமார் 3,200 வீடற்றவர்களிடம் ஆய்வு நடத்தி 2023-ல் வெளியிட்டது. அப்போது மெத் என்னும் ஊக்கப் போதைப்பொருளான மெத்தாம்பெட்டமினைத் தொடர்ந்து பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 31 சதவீதம். மருத்துவர் சீட்டு இல்லாத ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் போன்றவை) வகைகள் 11 சதவீதம். சின்ன எண்ணிக்கை இல்லைதான். ஆனால் "எல்லாரும்" என்பதற்கு அருகில்கூட வராது.

இதே ஆய்வில் இன்னொரு தகவல் உண்டு. வீட்டை இழப்பதற்கு முந்தைய மாதங்களில் அவர்களுடைய குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு மாதம் 960 டாலர். பே ஏரியாவில் அந்தப் பணத்துக்கு ஒரு அறைகூடக் கிடைக்காது. பத்தில் ஒன்பது பேர் கலிபோர்னியாவிலேயே வீட்டை இழந்தவர்கள். "வெளி மாநிலத்திலிருந்து இலவசத்துக்காக வருகிறார்கள்" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். போதை மரண விகிதத்தில் பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது மேற்கு வர்ஜீனியா. அங்கே தெருவில் வாழ்பவர்கள் கலிபோர்னியாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, ஏனென்றால் வாடகை குறைவு. அங்கேயும் போதை இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்குள் நடக்கிறது. தெருவுக்கு வந்தபின் குளிருக்கும் பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்தாகப் போதையைத் தொட்டவர்களும் நிறைய. ராத்திரி தூங்கினால் பையைத் திருடுவார்கள் என்று விழித்திருப்பதற்காகவே மெத் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் போதை எடுப்பவர்கள் ஏன் கழிப்பறையைத் தேடி வருகிறார்கள்?

கதவு, தாழ்ப்பாள், வெளிச்சம், தண்ணீர். வீடில்லாதவருக்கு இந்த நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது பொதுக் கழிப்பறையில் மட்டும்தான். குளிக்க வேண்டுமா, துணி மாற்ற வேண்டுமா, மாதவிடாய் நாளில் ஒரு பெண் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அதே கதவுதான். ஊசி போடுபவரும் அதே காரணத்துக்காகத்தான் வருகிறார். தெருவில் போட்டால் போலீஸ் பிடிக்கும், குழந்தைகள் பார்ப்பார்கள், அவசரத்தில் நரம்பு தப்பும்.

ஆபத்தும் அதே தாழ்ப்பாளில்தான் இருக்கிறது. மிக வீரியமான ஃபென்டனில் வந்த பிறகு அளவு கொஞ்சம் கூடினாலும் சில நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும். பூட்டிய அறைக்குள் தனியாக விழுந்தவரை யார் பார்ப்பது? சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் 2023-ல் 800-க்கும் மேற்பட்டவர்கள் போதை மிகையால் இறந்தார்கள். ஒரு நகரம், ஒரே ஆண்டு.

தானியங்கிக் கழிப்பறை வைத்தால் சரியாகிவிடாதா? ஆளே தேவையில்லையே?

சியாட்டில் அதைத்தான் நம்பியது. 2004-ல் ஐந்து தானியங்கிக் கழிப்பறைகளை வாங்கி வைத்தது. பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும், நேரம் முடிந்தால் தானே திறந்துவிடும், வெளியே வந்ததும் தரையைத் தானே கழுவிக்கொள்ளும். ஏறத்தாழ 50 லட்சம் டாலர் செலவு. நான்கே ஆண்டில், உள்ளே போதையும் பாலியல் தொழிலும் நடக்கிறது, குப்பை அடைத்துக் கழுவும் இயந்திரம் நின்றுபோகிறது என்று சொல்லி ஐந்தையும் இணையத்தில் ஏலம் விட்டார்கள். ஐந்துக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 12,500 டாலர்.

இயந்திரம் தரையைக் கழுவும். உள்ளே இருப்பவரிடம் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்காது. அந்த வேலைக்கு ஆள்தான் வேண்டும்.

போர்ட்லாண்ட் லூ என்கிறார்களே, அது என்ன?

ஓரிகனின் போர்ட்லாண்ட் நகரம் 2008-ல் வடிவமைத்த தெருக் கழிப்பறை. சியாட்டிலின் தோல்வியைப் பார்த்துப் பாடம் கற்று, முடிந்தவரை எளிமையாகச் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு நீள்வட்ட இரும்புக் கூண்டு. சுவரின் அடிப்பாகத்திலும் மேல்பாகத்திலும் சாய்வான பட்டைகள், நடுவே இடைவெளி. உள்ளே எத்தனை கால் நிற்கிறது என்று தெருவில் போகிறவருக்குத் தெரியும், அதற்கு மேல் எதுவும் தெரியாது. உள்ளே பேசினால் வெளியே கேட்கும். கண்ணாடி கிடையாது. கை கழுவும் குழாய் வெளிப்புறச் சுவரில் இருக்கிறது, உள்ளேயே உட்கார்ந்து துணி துவைக்கக் கூடாது என்பதற்காக. குழந்தை வண்டியையோ சைக்கிளையோ உள்ளே கொண்டுபோகுமளவு அகலம் உண்டு. கிறுக்கினால் துடைத்துவிடலாம். 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

நல்ல யோசனை, வேறு பல நகரங்களும் வாங்கின. வடிவமைப்பு பாதி வேலையைச் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்பது சான் டியாகோவில் தெரிந்தது.

சான் டியாகோவில் என்ன நடந்தது?

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சான் டியாகோ டவுன்டவுனில் வீடில்லாதவர்கள் நெருக்கமாக வாழும் பகுதி ஈஸ்ட் வில்லேஜ். பொதுக் கழிப்பறை போதவில்லை என்று மாவட்டத்தின் கிராண்ட் ஜூரி 2000-லிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அறிக்கைகளில் எச்சரித்துவந்தது. கிராண்ட் ஜூரி என்பது நிர்வாகத்தைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழு. நகரம் இரண்டு போர்ட்லாண்ட் லூக்களை வாங்கி வைத்தது. பொருத்தும் செலவு நினைத்ததைவிட எகிறியது. வைத்த பிறகு சுற்றுவட்டாரத்தில் குற்றம் கூடிவிட்டது, கழிப்பறையைச் சுற்றிப் போதைக் கும்பல் கூடுகிறது என்று குடியிருப்போரும் கடைக்காரர்களும் புகார் சொன்னார்கள். 2016-ல் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஹெபடைடிஸ் ஏ பரவத் தொடங்கியது. நோயாளியின் மலத்திலிருந்து கை, உணவு, தண்ணீர் வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகும் கல்லீரல் நோய். கழிப்பறையும் சோப்பும் இருக்கும் இடத்தில் அதைத் தடுப்பது எளிது. இங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு இரண்டுமே இல்லை. 2017 செப்டம்பரில் மாவட்டம் சுகாதார அவசரநிலை அறிவித்தது, அக்டோபரில் மாநில ஆளுநரும் அறிவித்தார். எல்லாம் அடங்கியபோது கணக்கு: 592 பேருக்கு நோய், 20 பேர் மரணம். நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீடற்றவர்கள், அல்லது போதைப்பொருள் எடுப்பவர்கள், அல்லது இரண்டும். நோய் அங்கேயே நிற்கவில்லை, சாண்டா க்ரூஸ், லாஸ் ஏஞ்சலஸ் என்று மேலே ஏறியது.

அந்த ஒரு லூவை எடுத்ததால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு கழிப்பறையால் அது நின்றிருக்காது. கேட்க வேண்டியது வேறு: எடுத்த பிறகு அந்தத் தெருவில் போதை குறைந்ததா? நடைபாதையில் மலம் கூடியதா? கடைசியில் நகரம் என்ன செய்தது? தெருக்களை பிளீச் தண்ணீர் ஊற்றிக் கழுவியது. கை கழுவும் தொட்டிகளை மூலைக்கு மூலை வைத்தது. 24 மணி நேரமும் திறந்திருக்கும் தற்காலிகக் கழிப்பறைகளைக் கொண்டுவந்தது, காவலுக்கு ஆளும் போட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தடுப்பூசிகள் போடப்பட்டன. பலர் செத்த பிறகு செய்த இதே வேலையை, தடுப்பூசியைத் தவிர, முன்பே செய்திருக்கலாம். செலவும் குறைவாகவே ஆகியிருக்கும். இதை எழுதும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

ஆள் போட்டால் நிலைமை மாறும் என்பதற்கு என்ன ஆதாரம்?

சான் ஃபிரான்சிஸ்கோவின் பிட் ஸ்டாப் என்னும், ஆள் வைத்த பொதுக் கழிப்பறைத் திட்டம். டெண்டர்லாயின் பகுதியில் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகள் நடைபாதையில் மலத்தைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருப்பதாகச் சொன்னார்கள். நகரத்தின் பொதுப்பணித் துறை 2014-ல் மூன்று இடங்களில் தொடங்கியது. டிரெய்லரில் ஏற்றிய கழிப்பறையை மதியம் கொண்டுவந்து நிறுத்துவார்கள், இருட்டியதும் எடுத்துப்போவார்கள். அந்தந்த இடத்தைச் சுற்றி, தெருவைக் கழுவச் சொல்லி வரும் புகார்கள் குறைந்தன. பிறகு இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விரிந்தது. 2019-ல் மூன்று இடங்களில் இரவு முழுவதும் திறந்துவைத்துப் பார்த்தார்கள்.

ஒரு பிட் ஸ்டாப் எப்படி நடக்கிறது என்று நின்று பார்த்தால் புரியும். கழிப்பறைப் பெட்டி, பக்கத்தில் கை கழுவும் தொட்டி, பயன்படுத்திய ஊசி போட ஒரு பெட்டி, நாய்க் கழிவுக்குப் பைகள். ஒரு மடக்கு நாற்காலியில் அல்லது நின்றபடி ஒரு ஊழியர். ஒருவர் வெளியே வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்பார், துடைப்பார், காகிதம் வைப்பார். அப்புறம்தான் அடுத்தவர். சில நிமிடம் ஆகியும் உள்ளிருந்து சத்தம் இல்லையென்றால் கதவைத் தட்டுவார். பதில் வந்தால் சரி. வராவிட்டால் கதவைத் திறந்து பார்ப்பார், தேவைப்பட்டால் ஓபியாய்டு மிகையை முறிக்கும் நலாக்ஸோன் மருந்து கொடுப்பார். வழக்கமாக வருபவர்களின் பெயர் அவருக்குத் தெரியும். இந்த ஊழியர்களில் பலர் நீண்ட நாள் சிறையில் இருந்து வெளியே வந்தவர்கள். வேறு எங்கும் எளிதில் வேலை கிடைக்காதவர்களுக்கு இங்கே வேலை கிடைக்கிறது. தெருவின் பேச்சும் அவர்களுக்குத் தெரியும், யாரிடம் எப்படிப் பேசினால் சண்டை வராது என்பதும் தெரியும்.

சுற்றுலாப் பயணியும் டெலிவரி ஓட்டுநரும் பாட்டியும் வரிசையில் நிற்கிற அதே கதவைக் கூடாரத்திலிருந்து வருபவரும் பயன்படுத்துகிறார். அதை நான் ஒரு நல்ல நகரத்தின் அடையாளமாகப் பார்க்கிறேன்.

நீல விளக்கு போட்டால் ஊசி போட முடியாதாமே?

நீல வெளிச்சத்தில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பது கணக்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஊசி போடுபவர்களிடமே கேட்டு 2013-ல் ஒரு ஆய்வு வெளியானது. அவசரம் வந்தால் நீல விளக்கிலும் போடுவோம் என்றார்கள். நரம்பு தெரியாததால் குத்திக் குத்திக் காயமாகும், ஆபத்து கூடும். முதியவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் அந்த வெளிச்சம் தொல்லை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாஸ்டனில் வீடற்றவர்களுக்கான மருத்துவ அமைப்பு ஒன்று செய்தது எவ்வளவோ மேல்: கழிப்பறைக் கூரையில் சென்சார் வைத்தார்கள். உள்ளே இருப்பவரிடம் சில நிமிடம் அசைவே இல்லையென்றால் மணி அடிக்கும், ஊழியர் ஓடிவருவார். உயிர்கள் தப்பியிருக்கின்றன.

ஒரு கழிப்பறைக்கு 17 லட்சம் டாலர் என்று படித்தேனே, உண்மையா?

மதிப்பீடு உண்மை. 2022-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் நோயி வேலி சதுக்கத்தில், ஒரே ஒரு கழிப்பறை கொண்ட 150 சதுர அடிக் கட்டடத்துக்கு 17 லட்சம் டாலர் ஆகும், 2025-ல்தான் முடியும் என்றார்கள். வடிவமைப்பு, பல துறைகளின் அனுமதி, கூலி என்று காரணம் அடுக்கினார்கள். ஊர் முழுக்கப் பேச்சானதும், ஆயத்தக் கழிப்பறை செய்யும் ஒரு நிறுவனம் இலவசமாகத் தர முன்வந்தது. 2024 ஏப்ரலில் திறந்தபோது செலவு சுமார் 2 லட்சம் டாலர். ஆகக் கட்டும் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. குறைக்கக் கூடாதது ஆள் சம்பளம். நம் ஆட்கள் பட்ஜெட்டைப் பார்த்து "டாய்லெட் வாசலில் உட்காருவதற்கு இவ்வளவா?" என்று கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்த வாசலில் உட்காருபவர் மாதத்தில் எத்தனை முறை மூச்சு நின்றவரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

நான் கடை வைத்திருக்கிறேன். என் கடை முன்னால் கழிப்பறை வந்தால் வியாபாரம் போய்விடுமே?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வாடகை கட்டி, காலையில் கடை திறந்தவுடன் வாசலில் மலத்தைக் கழுவுகிற வேலை உங்களுடையதாக இருக்கும்போது, "இன்னும் ஆட்களைக் கூட்டாதே" என்று தோன்றுவது இயல்பு. ஆள் இல்லாத கழிப்பறை வந்தால் எதிர்த்து நில்லுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் உங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கும் ஐம்பது பேர் இரவில் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். இப்போது போவது உங்கள் வாசலில். ஆளும் ஊசிப் பெட்டியும் இரவு நேரமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திறக்கும் நேரத்தைக் குறைத்தால் முதலில் பாதிக்கப்படுவதும் நீங்கள்தான் என்பதால், மற்ற கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்பது நல்லது.

போதை எடுப்பதற்கென்றே தனி இடம் கொடுத்துவிட்டால்?

வான்கூவரில் 2003 முதல் அப்படி ஒரு இடம் நடக்கிறது, நர்ஸ் மேற்பார்வையில். நியூயார்க்கில் 2021 இறுதியில் இரண்டு திறந்தன. கலிபோர்னியாவில் சோதனைக்கு அனுமதிக்கும் மசோதாவை ஆளுநர் நியூசம் 2022-ல் நிராகரித்தார். அதே 2022-ல் சான் ஃபிரான்சிஸ்கோ டெண்டர்லாயினில் ஒரு உதவி மையம் நடத்தியது: சாப்பாடு, குளியல், கழிப்பறை, அதோடு வெளிமுற்றத்தில் போதை எடுப்பதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். 300-க்கும் மேற்பட்ட முறை போதை மிகையிலிருந்து ஆட்களை மீட்டார்கள். ஆண்டு இறுதியில் மூடிவிட்டார்கள். இதில் நியாயமான கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன, அவற்றை மதிக்கிறேன். ஆனால் கழிப்பறைப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று தெளிவு: அப்படி ஓர் இடம் இல்லாத ஊரில் பொதுக் கழிப்பறைதான் அந்த இடமாகிவிடுகிறது, மேற்பார்வை மட்டும் இல்லை.

கழிப்பறைக்குள் யாராவது விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

கதவைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் அவசர உதவி எண் 911. உதடு நீலமாகியிருந்தால், குறட்டை போல இழுத்துக்கொண்டு மூச்சு வந்தால், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் ஓபியாய்டு மிகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நார்கான் என்ற பெயரில் விற்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரே 2023 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது. ஒரு மூக்குத் துளையில் வைத்து முழுவதும் அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எழாவிட்டால் இன்னொன்று. மூச்சு வந்ததும் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருங்கள். ஓபியாய்டு இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டாலும் அந்த மருந்து தீங்கு செய்யாது. தொட்டாலே நமக்கும் ஃபென்டனில் ஏறிவிடும் என்பது வெறும் பயம், தொடலாம். கலிபோர்னியாவில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு பெட்டி வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே ஊசி கிடந்தால்?

வெறும் கையால் எடுக்காதீர்கள், மூடி போட முயலாதீர்கள். குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டு நகராட்சிப் புகார் எண்ணான 311-க்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துப்போவார்கள். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். டவுன்டவுனில் எங்கே கூட்டிப்போவது?

சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் பிட் ஸ்டாப்பைத் தயங்காமல் பயன்படுத்துங்கள், ஊழியர் இருப்பதால் பல காபிக்கடைகளைவிடச் சுத்தம். பவல் தெரு பார்ட் நிலையத்திலும் ஆள் உண்டு. ஃபெர்ரி பில்டிங், பெரிய துணிக்கடைகள், பொது நூலகம். நகர மண்டபத்துக்கு எதிரிலுள்ள தலைமை நூலகத்தில் 2009 முதலே முழுநேரச் சமூகப் பணியாளர் இருக்கிறார், அமெரிக்காவில் நூலகம் ஒன்று அப்படி ஆள் வைத்தது அதுவே முதல் முறை. வீடில்லாதவர்கள் கழிப்பறைக்காகவே நூலகம் வருவதைப் பார்த்து, விரட்டாமல், உதவிக்கு ஆள் போட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

நம் ஊரில் இதற்கு முன்மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு, திருச்சியில். கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, குடிசைப் பகுதிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொதுக் கழிப்பறைகளை நடத்துகிறார்கள். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து சிறு கட்டணம் வாங்கிக் கணக்கு எழுதுவார், அந்தப் பணத்தில் சுத்தமும் பழுதுபார்ப்பும். அங்கே போதைப் பிரச்சினை வேறு அளவு, அதனால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ஆள் உட்கார்ந்ததும் கழிப்பறை உயிர்பெற்றதை அங்கே பார்க்கலாம், அதுவும் அமெரிக்காவுக்குப் பல ஆண்டு முன்பே.

கூடாரங்களை அகற்றிவிட்டால் பிரச்சினை தீராதா?

2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓரிகனின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், தங்க இடம் இல்லாவிட்டாலும் பொது இடத்தில் படுப்பவர்களுக்கு அபராதம் போடலாம் என்று தீர்ப்பளித்தது. பல நகரங்கள் அதன்பின் வேகமாக அகற்றத் தொடங்கின. அகற்றினால் ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். தெரிந்த பிட் ஸ்டாப்பும் பெயர் தெரிந்த ஊழியரும் இல்லாத தெருவுக்கு. வீடு கொடுத்ததால் எண்ணிக்கை குறைந்த ஊர் ஹூஸ்டன், 2011-க்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைத்தது. ஆனால் வீடு வர ஆண்டுகள் ஆகும், கழிப்பறை இன்று ராத்திரி வேண்டும்.

நான் என்ன செய்யலாம்?

பூட்டிக் கிடக்கும் அல்லது பழுதான பொதுக் கழிப்பறையைப் பார்த்தால் 311-ல் புகார் கொடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மேயர் ஜூன் தொடக்கத்தில் பட்ஜெட்டை முன்வைப்பார், நகர மன்றமான மேற்பார்வையாளர் சபை ஜூலைக்குள் அதை இறுதி செய்யும். பணம் குறையும் ஆண்டுகளில் பிட் ஸ்டாப்பின் இரவு நேரத்தைக் குறைக்கலாமா என்ற பேச்சு வரும். அந்த வாரங்களில் நடக்கும் பொதுக் கருத்துக் கேட்பில் யார் வேண்டுமானாலும் பேசலாம், குடியுரிமை தேவையில்லை, எச்-1பி விசாவில் இருப்பவரும் பேசலாம். ஒருவருக்கு இரண்டு நிமிடம், கூட்டம் அதிகமென்றால் ஒரு நிமிடம் தருவார்கள். எந்தத் தெருவின் எந்தக் கழிப்பறை, இரவு எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று அந்த நேரத்துக்குள் சொல்லிவிடலாம்.